சிமெண்ட் சிங்கம்!

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர் என் காபியில் விழுந்தது.

பதற வேண்டாம். முழுச் சுவர் இல்லை, ஒரு சிட்டிகைதான். கிணற்றடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சுவரில் ஓர் அணில் ஓடியது. பொலபொலவென்று சிவப்பாக ஏதோ டம்ளருக்குள் உதிர்ந்தது.

"காபி எப்படி இருக்குங்க?" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"கொஞ்சம் செம்மண் வாசனை. மத்தபடி பிரமாதம்."

திரும்பிப் பார்த்தேன். பகீரென்றது. சுவரில் செங்கல்லைக் காணோம். சிமெண்ட் கோடுகள் மட்டும் கட்டம் கட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் இருக்க வேண்டிய கல், அரை அங்குலத்துக்கு மேல் உள்வாங்கி, தொட்டால் மாவாகக் கொட்டுகிறது. பல் எல்லாம் போய் ஈறு மட்டும் திடகாத்திரமாக இருக்கிற வாய் மாதிரி.

அந்த ஈறு நான் வைத்தது. 38,000 ரூபாய் செலவில்.

* * *

அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. தாத்தா 1949-ல் கட்டியது. ஒன்றரைக் கல் சுவர், நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் கலவை. மேலே தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ். முன்பக்கம் வழவழப்பாகப் பூசினார்கள். கொல்லைப் பக்கம் வருவதற்குள் தாத்தாவிடம் காசு தீர்ந்துவிட்டது. அதனால் அங்கே பூச்சு கிடையாது. செங்கல் தெரிய, சந்துகளை மட்டும் அடைத்து விட்டுவிட்டார்கள். கொத்தனார் பாஷையில் பாயின்டிங்.

அப்படியே அறுபத்தைந்து வருஷம் நின்றது அந்தச் சுவர். அப்புறம் 2015 டிசம்பர் மழை. கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நாலு நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணாம்பு பல இடங்களில் கரைந்து, விரல் நுழைகிற மாதிரி சந்து. ஒரு மூலையில் அரசங்கன்று வேறு.

நான் அப்போது பி.காம். முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கையில் போனஸ் வாங்கிய காளை. "சிமெண்ட் போட்டு அடைச்சுடலாம்பா" என்றேன்.

அப்பா ஒரு நோட்டை எடுத்து வந்தார். தாத்தாவின் கணக்கு நோட்டு. பழுப்பேறிய பக்கத்தில் ஊதா மசியில் எழுதியிருந்தது: சுண்ணாம்பு இத்தனை வண்டி, மணல் இத்தனை வண்டி, கடுக்காய், வெல்லம். சிமெண்ட் நாலே மூட்டை, அதுவும் 'தரைக்கு' என்று குறிப்போடு.

"இது சுண்ணாம்புச் சுவருடா. சுண்ணாம்புதான் வைக்கணும்."

"அப்பா, அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கூடத்தான் இல்லை. அதுக்காக நான் ஆபீஸ்ல ஓலைச்சுவடியா எழுதறேன்?"

எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவர் அவர். எந்தப் பொருள் எந்த ரேக்கில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. என்னிடம் எதிர்த்துப் பேசவில்லை. நோட்டை மூடினார். "உன் இஷ்டம்" என்றார்.

தமிழில் அதைவிடக் கனமான வார்த்தை இரண்டு கிடையாது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

ஒன்றுக்கு மூன்று சிமெண்ட், நாலு நாள் வேலை. பளபளவென்று கரும்சாம்பல் கோடுகள். அதோடு நின்றேனா? கொல்லை மண் சேறாகிறது என்று, சுவரை ஒட்டித் தரைக்கும் சிமெண்ட் போட்டேன். நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆபீஸில் எனக்கு 'சிமெண்ட் சிங்கம்' என்று பெயரே வந்தது. நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்.

* * *

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எஸ்டேட், கொரட்டூர் எல்லாம் தண்ணீரில் மிதந்த கதை உங்களுக்கே தெரியும். அது போன மறு மாதம்தான் மேற்படி காபி.

சுவரைப் பார்க்க ஒரு பில்டர் வந்தார். விரலால் தட்டினார். 'த்சொ' கொட்டினார்.

"இதுல இனிமே எதுவும் நிக்காது சார். ஜாயின்ட் வென்ச்சர் பண்ணிடலாம். கீழே பார்க்கிங், மேலே மூணு மாடி. உங்களுக்கு ஒண்ணரை ஃபிளாட்."

"அந்த அரை ஃபிளாட்ல யாரு இருக்கறது?" என்றாள் மனைவி. "நானா, உங்க சிமெண்டா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். ஈசிசேரில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுவரே போயிடுச்சு. என்ன பண்றது, கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சுவர் தானாகப் போகவில்லை, நான் அனுப்பி வைத்தேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பில்டரிடம் ஒரு மாதம் டைம் கேட்டேன்.

* * *

திருநின்றவூர் பக்கம் ஒரு பழைய மேஸ்திரி இருக்கிறார், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு, ஆவடி லோக்கலை விட்டு அடுத்த வண்டி பிடித்துப் போய் அழைத்து வந்தேன். எழுபதைத் தாண்டியவர். ஒல்லி. சட்டைப்பையில் வெற்றிலைப் பொட்டலம். சுவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா தம்பி இது, கல்லுக்கு இரும்புச் சட்டை போட்டு வுட்டுகிறீங்க?"

"கெட்டியா இருக்கட்டுமேன்னு..."

"கெட்டியாதான் கீது. கலவை கெட்டியா கீது, கல்லு காலி."

பிறகு ஒரு பாடம் நடத்தினார். காலேஜில் யாரும் இப்படி நடத்தியதில்லை.

"சுவருன்னா மழைல நனையும், வெயில்ல காயும். தண்ணி உள்ள பூறது தப்பில்ல. வெளிய வர்றதுக்கு வழி ஓணும். சுண்ணாம்புல வழி உண்டு. சிமெண்டுல கெடையாது. அப்ப தண்ணி எப்டி வரும்? கல்லு வழியா வரும். சும்மா வராது. உப்பக் கூட்டியாந்து கல்லு மூஞ்சில வெச்சிட்டுப் பூடும்."

விஷயம் அதுதான். மழையிலும் தரையிலும் இருந்து சுவருக்குள் ஏறுகிற ஈரத்தில் உப்பு கரைந்திருக்கிறது. அதைத்தான் 'ஓதம்' என்கிறோம். ஈரம் காயும்போது உப்பு மட்டும் பின்தங்கிப் படிகமாகிறது. படிகமாகும்போது தன்னைச் சுற்றியிருப்பதை நெம்புகிறது. சந்தில் சுண்ணாம்பு இருந்தால் ஈரம் பெரும்பாலும் அந்த வழியாக வெளியேறும். நெம்பலையும் சுண்ணாம்பே வாங்கிக்கொண்டு உதிரும். சந்தில் சிமெண்ட் இருந்தால் அந்த அடி முழுக்கக் கல்லுக்கு. பழைய நாட்டுச் செங்கல் சூளையில் வெந்த இளசு. அடி தாங்காது. முகம் உரிந்து போகும்.

இன்னொன்று. சுவர் வெயிலில் கொஞ்சம் விரியும், குளிரில் சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு வளைந்து கொடுக்கும். சிமெண்ட் விறைப்பாக நின்று, தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே போவதற்கு வழி, வெளியே வர வழி இல்லை. கூட்ட நேரத்து லோக்கல் கம்பார்ட்மென்ட் மாதிரி.

"கல்ல விடக் கலவை எளசா இருக்கணும் தம்பி. ரெண்டுக்கும் சண்டை வந்தா கலவைதான் தோக்கணும். கலவை போனா மறுபடி வெக்கலாம். கல்லு போனா?"

காமர்ஸ் மூளைக்குச் சட்டென்று பல்பு எரிந்தது. தேய்மானம்! சொத்து தேய்வதற்கு ஈடாக வருஷா வருஷம் ஒரு தொகையை எழுதித் தள்ளுகிறோம் இல்லையா, சுவரில் அந்த வேலையைச் செய்வது பாயின்டிங். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அது கரைந்து போனால் அது பழுதில்லை. தன் கடமையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். நான் செய்தது, தேய்மானத்தைப் பூஜ்யமாகக் காட்டி, மூலதனத்தையே கரைத்த கணக்கு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

* * *

தினமும் நாம் பார்க்கிற கட்டடங்கள்தான் இதற்குச் சாட்சி. 1873-ல் வந்த சென்ட்ரல் ஸ்டேஷன், 1892-ன் ஹைகோர்ட், 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஹைகோர்ட்டின் சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.

சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரையெல்லாம் போனது ஞாபகம் இருக்கும். தீயணைப்பு அதிகாரி ஒருவரின் உயிரும் போனது. இடித்துத் தள்ளத்தான் வேண்டும் என்று பலர் நினைத்த கட்டடம். பொதுப்பணித் துறை அதைப் பழைய முறையிலேயே, சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து நிமிர்த்தியது. பசுமைத் தீர்ப்பாயம் அங்கே குடியேறியது. அரண்மனைக்குச் சரிப்பட்ட வைத்தியம் அம்பத்தூருக்குச் சரிப்படாதா?

சிமெண்டைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முதலில் அதைச் செய்து பார்த்ததே நம்ம மெட்ராஸில்தான், 1904-ல், கடல் கிளிஞ்சலை வைத்து. அது ஓடவில்லை. பிறகு 1934-ல் மதுக்கரை, 1939-ல் டால்மியாபுரம் என்று ஆலைகள் வந்தன. தாத்தாவுக்குச் சிமெண்ட் தெரியாமல் இல்லை. எதற்கு எது என்று தெரிந்திருந்தது. தரைக்கு அது, சுவருக்கு இது.

* * *

வேலை தையில் ஆரம்பித்தது. ஐப்பசி மழையில் வைத்தால் கரையும், கத்திரி வெயிலில் வைத்தால் காய்ந்து உதிரும். தையும் மாசியும்தான் சரி என்றார் மேஸ்திரி.

முதல் நாள் அவர் சுவரைத் தொடவே இல்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தண்ணி எங்கேந்து வருதுன்னு பாக்காம சுவத்துல கை வெக்கக் கூடாது." மாடித் தண்ணீர்க் குழாய் பாதியில் உடைந்து சுவரிலேயே கொட்டுவதைக் கண்டுபிடித்தார். அடுத்து, சுவரை ஒட்டி நான் போட்ட சிமெண்ட் தரை. மண்ணில் காய வேண்டிய ஈரத்துக்கு அது மூடி போட்டுச் சுவர் வழியாக மேலே ஏற்றிவிட்டதாம். ஓர் அடி அகலத்துக்கு அதை உடைத்துவிட்டு ஜல்லி கொட்டச் சொன்னார். ஏற்கெனவே ஒவ்வொரு முறை போடும்போதும் ரோடு உயர்ந்து, தாத்தா மூணு படி ஏறிப் போன வீட்டுக்குள் நாங்கள் ஒரு படி இறங்கித்தான் போகிறோம். இதில் என் கைங்கரியம் வேறு.

அடுத்தது சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக் கல் மூட்டை வந்தது. டிரம்மில் தண்ணீர் ஊற்றி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சீறும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். போட்டதும் அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதித்தது பாருங்கள், என் பையன் 'அப்பா, மேஜிக்!' என்று கத்தினான்.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. தண்ணீரில் நீற்றிச் சுவரில் வைத்த பிறகு, காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. நம்ம ஆவடி லோக்கல் மாதிரி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேருகிறது. என்ன, கொஞ்சம் லேட்டாகும். மாசக் கணக்கில்.

நீற்றியதைச் சலித்துத் தண்ணீருக்கடியில் மூன்று வாரம் வைத்தோம். கடைசி வாரம் கடுக்காயை உடைத்து இன்னொரு டிரம்மில் ஊறப்போட்டு, வெல்லமும் சேர்த்தோம். நாலாம் நாள் அடித்த வாசனையில் எதிர் வீட்டு மாமி வந்து, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கவலையாக விசாரித்தார்.

"சுவருக்கு மாமி, அஜீரணம்" என்றாள் மனைவி. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி சிமெண்ட் சாப்பிட்டுடுச்சு."

இடையில் சிமெண்டைப் பிடுங்குகிற வேலை. ஒரு இளைஞர் அறுக்கும் மெஷினோடு வந்து, "ஒரே நாள்ல முடிச்சுடறேன் சார்" என்றார். மேஸ்திரி மெஷினுக்கு டீ வாங்கிக் கொடுக்காத குறையாக மரியாதையோடு திருப்பி அனுப்பினார். மெஷின் கை தவறினால் கல்லின் விளிம்பை அறுத்துவிடும். சின்ன உளி, சின்னச் சுத்தி. கோட்டின் நடுவில் தட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு. சந்து அரை அங்குலம் அகலம் என்றால் ஆழம் ஓர் அங்குலம். அகலத்துக்கு இரண்டு மடங்கு. அதற்குக் குறைந்தால் புதுக் கலவைக்குப் பிடிமானம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உளி பிடித்தேன். காசு மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் அதில்லை. நாலு நாளில் வைத்ததை எடுக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. அப்பா ஈசிசேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குக் காது சூடானது.

முகம் போன கற்களை மேஸ்திரி தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றாக உருவி, பின்பக்கத்தை முன்னால் திருப்பி வைத்தார். எழுபத்தைந்து வருஷமாக இருட்டில் இருந்த முகம், சூளையிலிருந்து நேற்று வந்த மாதிரி சிவப்பாக இருந்தது. உருப்படாதவற்றுக்கு மட்டும், திருமுல்லைவாயிலில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து கல் வாங்கினோம்.

பிறகு தூசி தட்டி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலவையைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சின்னக் கரண்டியால் சந்துக்குள் அழுத்தி அழுத்தி வைத்தார். கல்லின் முகத்தில் ஒரு துளி வழிய விடவில்லை. மேலே பத்து நாள் ஈரச் சாக்கு. "கொயந்த மாதிரி பாத்துக்கணும். சட்டுனு காய வுட்டா பொடியாப் பூடும்."

* * *

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சந்திலிருக்கும் கலவையைச் சாவியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்து, நடுவில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது சுண்ணாம்பு. சிமெண்ட் மூட்டையை வாசலிலேயே நிறுத்துங்கள். சாவி வழுக்கினால் சிமெண்ட். சிமெண்டில் கட்டிய வீட்டுக்குச் சிமெண்டே சரி, வீணாகக் கடுக்காயைத் தேடாதீர்கள். சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தாலோ, விரிசல் கல்லையே பிளந்துகொண்டு குறுக்கே ஓடினாலோ அது பாயின்டிங் சமாசாரம் இல்லை. இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். முக்கியமாக, யாராவது பெரியவர் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு படியுங்கள்.

பில்டர் இரண்டு முறை போன் செய்தார். அப்பாவே எடுத்து, "இப்ப வேணாம் சார்" என்றார். அடுத்த ஐப்பசி மழையில் சுவர் நனைந்தது. கார்த்திகையில் காய்ந்தது. கல் உதிரவில்லை. சந்தில் அங்கங்கே லேசாக வெள்ளைப் பூத்தது. "அதுதான் அதோட வேலை" என்றார் அப்பா, ஏதோ தானே வைத்த மாதிரி.

அன்று சாயங்காலம் அவர் இல்லாத நேரத்தில் அந்தக் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தேன். தாத்தாவின் ஊதா மசிக்குக் கீழே, அப்பாவின் நீல பால்பாயின்ட். 2024-ம் வருஷத்து வரவு செலவு. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், கூலி எல்லாம் பைசா சுத்தமாக. ஸ்டோர்ஸ் ஆசாமி ஆயிற்றே!

அதற்கு மேலே, 2016 என்று போட்டு ஒரே ஒரு வரி. எப்போது எழுதினாரோ, மசி மங்கியிருந்தது.

'38,000 ரூபாய். பையன் படிப்புச் செலவு.'